மூன்றாம் தொட்டி

கப்பலின் தொட்டி நீரைச் சோதிக்க வந்த அவள், அந்த நீராலேயே புட்டியை மூன்று முறை அலசினாள்.

அலசிய நீரைக் கடலில் கொட்டவில்லை. கூடவே சுமந்துவந்திருந்த வெள்ளைக் கேனில் ஊற்றி, மூடியைத் திருகினாள்.

அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

தூத்துக்குடிக்கு உப்பு ஏற்ற வந்த கப்பல். வெற்றுக் கப்பலைக் கடல் புரட்டிவிடும் என்பதால், புறப்பட்ட துறைமுகத்திலேயே ஐந்து தொட்டிகளில் கடல்நீரை நிரப்பியிருந்தார்கள்.

நீர் நிரப்பிய அந்த ஊரில் அப்போது வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில்கூடப் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். வைரஸ் என்றார்கள்.

ஆழ்கடலில் அந்த நீரை வெளியேற்றிவிட்டுப் புது நீர் நிரப்ப வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது முதல் அதிகாரியான அவனுடைய வேலை.

நான்கு தொட்டிகள் முடிந்தன. மூன்றாம் எண் மட்டும் மிச்சம்.

பம்ப் பார்க்கும் பிரிட்டோ இரண்டு நாட்களாக உறங்கவில்லை. நின்றபடியே அவன் கண்கள் செருகின. போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டு இவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

விழித்தபோது ஆழ்கடல் பின்னால் போயிருந்தது.

பதிவேட்டில் ஐந்து தொட்டிகளும் மாற்றியாயிற்று என்று எழுதினான். எழுதிய கையாலேயே சாப்பாட்டுக்கு முன் சிலுவை வரைந்தான்.

"ரெண்டு டேங்க் பாத்தாச்சு சார். போதும்."

அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தாள். இன்றைக்கு இது அவளுக்கு மூன்றாவது கப்பல். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

பிரிட்டோ இஸ்திரி போட்ட சட்டையில், பையோடு, இறங்கத் தயாராக நின்றான். ஒன்பது மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்குப் போகிறான். அவன் கப்பலேறிய பிறகு பிறந்த மகள். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.

இன்று வியாழன்.

"அந்தத் தண்ணிய இங்கனயே கொட்டிரலாம்லா மேடம்? ஒரு செம்புகூடத் தேறாது. இதப் போயி சொமந்துகிட்டு" என்றான் பிரிட்டோ.

"கொட்டலாம். யாரும் பாக்கப் போறதில்ல."

அவள் சிரித்தாள்.

"காலையில நண்டு புடிக்கிற பொம்பளைங்க இந்தத் தண்ணியிலதான் இடுப்பளவு நிப்பாங்க. மருந்து போட்டுத்தான் ஊத்தணும் தம்பி."

புட்டிகள் இருந்த பையையும் கேனையும் தூக்கிக்கொண்டு ஏணிப்படியை நோக்கி நடந்தாள். நான்கு எட்டு வைத்ததும் கை மாற்றிக்கொண்டாள்.

ஒரு செம்பு நீர்.

மூன்றாம் தொட்டியில் நானூறு டன். உப்பு ஏற ஏற, அது இந்தக் கடலுக்குள்தான் போகும்.

சொன்னால் கப்பல் மறுபடி ஆழ்கடலுக்குப் போக வேண்டும். யாரையும் இறங்க விடமாட்டார்கள். திரும்பி வர நான்கு நாட்கள்.

அவள் படியில் கால் வைத்தாள்.

"மேடம்."

திரும்பினாள்.

"மூணாம் நம்பரையும் பாத்துருங்க. அதுல தண்ணி மாத்தல. என் தப்பு."

அவள் கேனைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து புதிய புட்டி ஒன்றை எடுத்தாள்.

பிரிட்டோ நின்ற பக்கம் அவனால் திரும்ப முடியவில்லை.

தொட்டி மூடியின் அருகே மண்டியிட்டு ஸ்பேனரைப் பொருத்தினான். துருப்பிடித்த நட்டு அசையவில்லை. மறுபடி அழுத்தினான். கை வழுக்கியது.

பின்னால் காலடிச் சத்தம். வந்து நின்றது.

"நவுருங்க சார். இது ஒங்களுக்கு வராது."

ஸ்பேனர் கைமாறியது.

கைப்பிடிக் கம்பியில், இஸ்திரி கலையாமல், ஒரு சட்டை தொங்கியது.