மாடி வீட்டு மிக்ஸி

"கெட்டுப்போச்சுன்னா குப்பையில போடுங்க. எங்க வீட்டுக்கு எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?"

வாசலில் மனைவி போட்ட சத்தம், உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மெக்கானிக்கின் காதில் விழுந்தது. புரண்டுகூடப் படுக்கவில்லை.

கம்பெனியை இழுத்து மூடி மூணு மாசம். இருபது வருஷம் மோட்டாரோடு மல்லுக்கட்டிய மனுஷன், அன்றிலிருந்து கட்டிலே கதி என்று கிடந்தார். மாத்திரை போட்டாலும் தூக்கம் கிடையாது. 'இனி நான் எதுக்கும் லாயக்கில்லை' என்று ஒரு தரம் சொன்னார். அதோடு பேச்சும் நின்றுபோனது.

"கோபப்படாதேம்மா," என்றார் மாடி வீட்டு அக்கா. "தம்பி ஒரு பார்வை பார்ப்பாரேன்னு மிக்ஸியைக் கொண்டு வந்தேன். அவருக்கு வேலையே மறந்துபோச்சுன்னு பேசிக்கிறாங்களே, எனக்கென்ன தெரியும்? குப்பை லாரி வந்ததும் போட்டுடறேன்."

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது.

"எவன் சொன்னது?"

எழுந்து வந்தவர், மிக்ஸியைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கவிழ்த்தார். ஸ்க்ரூ தலையெல்லாம் கத்தி முனையால் நெம்பிய கீறல்.

"எந்த அரைகுறைப் பயலோ கத்தியை வச்சுத் திருகியிருக்கான்! கை வைக்கத் தெரியலைன்னா சும்மா இருக்கணும்."

உள்ளே மோட்டார் கல்லு மாதிரி நன்றாக இருந்தது. ஒரே ஒரு ஒயர் கழன்று கிடந்தது. பத்து நிமிஷ வேலை. மிக்ஸி உறுமியதும் மூன்று மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவர் முகத்தில் எட்டிப் பார்த்தது. அன்றைக்கு மாத்திரை இல்லாமலே தூங்கிவிட்டார்.

அக்கா விட்டால்தானே! அடுத்த வாரம் டேபிள் ஃபேன். அதற்கடுத்த வாரம் இஸ்திரிப் பெட்டி. ஒரு நன்றி உண்டா? "சீக்கிரம் குடுங்க தம்பி"தான்.

"உங்க கை பட்டா இரும்புகூட இத்துப்போகும் போல!" என்று மனைவி எகிறினாள். "இவர் என்ன, நீங்க வச்ச ஆளா?" பிறகு இவர் பக்கம் திரும்பி, "ஊர் வேலை பார்த்தது போதும். நம்ம காய் நறுக்குற கத்தி முனை வளைஞ்சு கிடக்கு, அதை நிமிர்த்திக் குடுங்க."

நிமிர்த்திக் கொடுத்தார். எந்நேரமும் இவளுக்கு ஒரு முணுமுணுப்பு!

இஸ்திரிப் பெட்டியிலும் அதே கீறல், அதே மாதிரி கழன்ற ஒயர். அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. எதுவுமே கெடவில்லை. யாரோ வேண்டுமென்றே கழற்றிவிட்டிருக்கிறார்கள். அட, மாடி வீட்டு அக்கா! தன்னைக் கட்டிலிலிருந்து எழுப்பத்தான் இத்தனையும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் ஒயரை மாட்டிக் கொடுத்தார்.

அதற்குள் சேதி பரவி, பக்கத்து வீட்டு டெய்லர் தையல் மெஷினோடு வந்தார். எதிர் வீட்டு நர்ஸ், குப்பைக்குப் போக இருந்த ரேடியோவைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சாமானும் பிழைத்து வீடு திரும்பும்போது தானும் கூடவே திரும்பி வருவதாக மெக்கானிக்குக்குத் தோன்றியது. பசித்தது. பாட்டுக்கூட வந்தது.

குடியிருப்புக்காரர்கள் கூடிப் பேசி, மாடிப்படிக்குக் கீழே உடைசல் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து அவருக்கே கொடுத்துவிட்டார்கள். இன்று திறப்பு. 'தூக்கிப் போடுவதற்கு முன் இங்கே காட்டுங்கள்' என்று வாசலில் பலகை. முதல் நாளே பதினேழு சாமான்கள் வரிசையில். ஒரே கைதட்டல்!

"ஒரு நிமிஷம்," என்றார் மெக்கானிக். "மாடி வீட்டு அக்கா முன்னால வரணும்."

"அவங்களையா?" மனைவி காதைக் கடித்தாள். "ஒரு தேங்க்ஸ் சொன்ன ஜென்மமா அது?"

"நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

புது ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை அக்காவிடம் நீட்டினார்.

"நான் இன்னைக்கு மனுஷனா நிக்கிறேன்னா அதுக்கு நீங்கதான் காரணம். நல்லா இருந்த சாமானையெல்லாம் நீங்களே கழற்றிக் கொண்டு வந்தீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். இனிமே கத்தி வேண்டாம்க்கா. இதை வச்சுக்கோங்க."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நானா? எனக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகணும்னே தெரியாது தம்பி! இதை உங்க பொண்டாட்டி கையில குடுங்க. மூணு தடவையும் காய் நறுக்குற கத்தியோட மாடிக்கு வந்து கழற்றினவ அவதான். எனக்கு முன்னால கீழே ஓடிப்போய், 'எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க'ன்னு சண்டைக்கு நின்னவளும் அவளேதான்!"