பியாட்றிஸ் மிஸியின் ஏச்சு

"நீயும் ஒரு தாயே?"

பியாட்றிஸ் மிஸியின் குரல் வாசல் படலையடி வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருகணம் நின்று எட்டிப் பார்த்தாள்.

நிவேதனா தலைகுனிந்தபடி பாயில் இருந்தாள். மடியில், பிறந்து ஒன்பது நாளான மகள்.

மிஸி அந்தப் பகுதியின் மிட்வைஃப். பிள்ளை பிறந்த வீடுகளை வந்து பார்ப்பது வழக்கம். இன்று வந்து பிள்ளையின் சட்டையை விலக்கியதும் அவவின் முகம் மாறிவிட்டது. தொப்புளைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பூச்சு. பஞ்சை நனைத்துத் துடைத்தால், அடியில் தோல் சிவந்து வீங்கி, நடுவில் மஞ்சளாய்ச் சீழ். நாற்றம் வேறு.

"வசம்புக் கரியும் எண்ணெயும். உதை ஆர் பூசினது?"

நிவேதனா வாசலைப் பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பையோடு மச்சாள் இராசமலர் நின்றா. கணவன் மயூரதனின் தமக்கை. தாய் தகப்பன் இல்லாமல் அவனை வளர்த்தெடுத்தவ. வீடும் அவவுடையதுதான். மயூரதனுக்குக் கட்டார் நாட்டில் வேலை. நிவேதனாவுக்குப் போய் நிற்கத் தாய்வீடு என்று ஒன்று இல்லை.

மூன்று நாளாகக் காலையும் பின்னேரமும் பூசியது மச்சாள்தான். "ஒண்டும் பூச வேண்டாமெண்டு கிளினிக்கிலை சொன்னவை" என்று நிவேதனா ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். "தம்பிக்கும் இதுதான் பூசினது. அவனுக்கு என்ன வந்தது?" என்று மச்சாள் கதையை முடித்துவிட்டா.

"அங்கை என்ன பார்வை? உன்னைத்தான் கேக்கிறன். பெத்தவள் நீ. பச்சைப்பிள்ளையின்ரை புண்ணிலை கரியைப் பூச உனக்கு எப்பிடி மனம் வந்தது?"

நிவேதனாவுக்குக் கண் நிறைந்தது.

இராசமலர் மெல்ல உள்ளே வந்தா. "சின்னப் பெட்டைதானே, மிஸி. தெரியாமல் செய்துபோட்டாள்."

நிவேதனா மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். மிஸி விடவில்லை.

"நீ ஒண்டும் கதையாதை. பிள்ளை பால் குடிக்குதோ?"

"நேற்றிலையிருந்து குறைவு, மிஸி."

"உடம்பும் சுடுது. இப்பவே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடு. நான் துண்டு எழுதித் தாறன்."

எழுதி முடித்து இராசமலரிடம் திரும்பியபோது மிஸியின் குரல் தணிந்திருந்தது.

"அக்கா, இவளை நம்பேலாது. இனி நீங்கள்தான் பொறுப்பு. டொக்டர் சொல்லாமல் ஒருத்தரும் தொப்புளிலை ஒண்டும் பூசப்படாது. கை கழுவாமல் ஆரையும் தொட விடாதேங்கோ. பாத்துக்கொள்ளுவீங்களோ?"

"ஓம், மிஸி. நான் பாக்கிறன்."

ஓட்டோவில் போகும்போது நிவேதனா அழுதது பிள்ளைக்காகவா, வாங்கிய ஏச்சுக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நல்ல நேரம் கொண்டுவந்திட்டீங்கள்" என்றார் வோட்டில் டொக்டர். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் கிருமி ரத்தத்திலை பரவியிருக்கும்."

ஏழு நாள் ஊசி. அந்தச் சின்னக் கையில் மருந்து ஏறுகிற ஒவ்வொரு தடவையும் நிவேதனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இராசமலர் ஒருநாளும் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்தா. பார்க்க வந்தவர்களைக் கட்டிலடிக்கு விடவில்லை.

"முதல் போய்க் கையைக் கழுவுங்கோ. தொப்புளிலை கரி பூசுற வேலையெல்லாம் கூடாது. எங்கடை நிவேதனா தெரியாத்தனமாய்ப் பூசி, இப்ப பாருங்கோ."

அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நிவேதனா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மிஸி மறுபடி வந்தா. தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது. பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டு நித்திரை. இராசமலர் முருங்கையிலை ஆயப் பின்வளவுக்குப் போயிருந்தா.

நிவேதனாவுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"மிஸி, அண்டைக்குக் கரி பூசினது நானில்லை."

மிஸி கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ என்னை அப்பிடி ஏசினீங்கள்?"

மிஸி கொப்பியை மூடினா. பின்வளவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னா:

"உன்ரை மச்சாளை ஏசிப்போட்டு நான் என்ரை பாட்டிலை போயிடுவன், பிள்ளை. நீ எங்கை போவாய்?"