செவ்வரளிக்குப் பால்

"வனமகோத்சவத்துக்கு ஆளுக்கொரு செடி கொண்டு வாங்க!" என்று பரசுராமன் வாத்தியார் சொன்னதுதான் தாமதம், ராயபுரத்துப் பள்ளித் தோட்டம் மறுநாளே நிரம்பிவிட்டது.

பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் அசந்து நின்றார். ஓர் அம்மாள் கண்ணீரோடு செவ்வரளிக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"செடிமேல் இவ்வளவு பாசமா! எல்லாம் உங்கள் போதனை, சார்!"

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. "ஏம்மா, செடிக்குத் தண்ணி போதாதா?"

"செடிக்கா ஊத்தறேன்? மூலக்கொத்தளம் சுடுகாட்டுல எங்க வூட்டுக்காரரு தலைமாட்டுல இத நட்டிருந்தேன். உன் பசங்க புடுங்கியாந்து இங்க வச்சிட்டானுங்க. செடி கீற எடத்துலதானே அவரும் இருப்பாரு?"



அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உசுரோட கீறச்சொல்ல இஸ்கூல் பக்கமே தலைவச்சுப் படுக்காத மனுசன். இப்பதான் வந்து சேந்துகீறாரு. அடிக்காம சொல்லிக் குடு, வாத்தியாரே!"