பாதி மாத்திரை

கால்நடை மருத்துவமனை அவசரப் பிரிவின் இரும்பு மேசையில் அந்தச் சின்ன நாய் துவண்டு கிடக்கிறது. கண்ணாடிக் கதவு வழியாக வந்த காலை வெயில் அதன் வயிற்றில் விழுகிறது. வயிறு எப்போதாவதுதான் ஏறி இறங்குகிறது. டாக்டரம்மா அதன் இமையைத் தூக்கிப் பார்க்கிறார். "தூக்க மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" "அதெல்லாம் எங்க வீட்லயே கிடையாது டாக்டர்," என்கிறாள் மனைவி. நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்த கணவனின் கை நின்றுவிடுகிறது. "தினம் பாதிதான் குடுப்பேன். நேத்து அது அடங்கலைன்னு இன்னும் ரெண்டு." கொஞ்ச நாளாக நாய் இரவில் குரைப்பதில்லை. தான் அதட்டிப் பழக்கியதால்தான் என்று அவள் தெருவெல்லாம் பெருமையடித்திருக்கிறாள். "நான் கேக்கலன்னாலும் உன் பேச்ச அது கேக்குது பாரு," என்று அவனும் கூடவே சிரித்திருக்கிறான். டாக்டரம்மா ஊசி போடுகிறார். "கூப்பிட்டுப் பாருங்க, அசையுதான்னு." அவள் கூப்பிடுகிறாள், மறுபடியும் கூப்பிடுகிறாள். நாய் அசையவில்லை. "பொழைச்சிடுமா டாக்டர்?" என்கிறான் அவன். அந்தக் குரலுக்கு, கண் திறக்காமலே, வால் மேசையை மெல்லத் தட்டுகிறது. "பேசுங்க," என்கிறாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். "நிறுத்தாம பேசுங்க."