கைராசி

“சோப்புப் போட்டுக் கை கழுவுனியாடி?” என்று ஒருநாள் அண்ணன் கேட்டான். அன்றும் அணையில் ஒரு கட்லா மீன்கூட அவன் தூண்டிலைத் தொடவில்லை. இரை பிசைந்தது நான். மீனுக்கு சோப்பு வாடை ஆகாதாம். அன்றோடு சோப்பை விட்டேன். சேற்றில் கை தேய்த்து, புண்ணாக்கும் தவிடும் பிசைந்தேன். பெருங்காயம் சேர்த்தால், “சாம்பாரா வைக்கிற?” என்பான். ஏலக்காய் சேர்த்தால், “மீனுக்குப் பாயசமா?” என்பான். “உன் இரைக்கு ஒண்ணு விழட்டும், அப்புறம் நீ தூண்டில் பிடி” என்று சொன்னவனும் அவன்தான்.

இன்று அழுகிய பலாச்சுளையைச் சேர்த்துப் பிசைந்தேன். தூண்டில் மிதவை ஒரே இழுப்பில் முங்கியது. அண்ணன் தண்ணீருக்குள் இறங்கி இழுத்துப் போட்டான். என் கை நீளத்துக்குக் கட்லா. அதன் உதட்டில் என் இரை ஒட்டியிருந்தது.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஞானமுத்து மாமா எட்டிப் பார்த்தார். “என்னடா இரை போட்ட?”

“இரையில என்ன மாமா இருக்கு? எல்லாம் என் கைராசி.”

“அண்ணே, தூண்டிலக் குடு” என்று கையை நீட்டினேன்.

அவன் என் கையைப் பார்த்தான். மீனைச் சாக்கில் போட்டான். தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கரையேறிப் போனான்.