பரணில் கிடக்கும் இஸ்திரிப் பெட்டி

இரண்டு வீட்டுக் கரண்ட் பில்லையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். லாரி ஓட்டும் என் நண்பன், மனைவி இறந்ததிலிருந்து தனி ஆள். பாதி நாள் வீடு பூட்டியே கிடக்கும். அவன் பில்தான் இரண்டு மடங்கு.

"அவ இருந்தப்ப வந்த அதே அளவுதான்," என்றான்.

அவள் அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் வீட்டிலேயே தேய்த்துக் கொடுத்தவள். கண்ணில் படவே வேண்டாம் என்று அந்த இஸ்திரிப் பெட்டியை அவன் என்னிடம் கொடுத்துவிட்டான். எங்கள் பரணில்தான் கிடக்கிறது.

"ஒயர்ல எங்கயோ கோளாறுடா. ஆளக் கூட்டிட்டு வரேன்."

"வேணாம்டா. பில் கட்டக் கடன் மட்டும் குடு. கரண்ட்டக் கட் பண்ணிட்டா அவ பாவம்."

பணத்தை அவன் சட்டைப் பையில் வைத்தேன். மடிப்புக் கலையாத சட்டை. துணி இன்னும் விரலைச் சுட்டது.