பானையில் ஒட்டிய படம்

புஷ்பம் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பதற்குள் நாபிரி பார்த்துவிட்டாள்.

"அது நான்தானே?"

அவளேதான். பக்கத்து வீட்டு நாபிரி.

படத்தில் திருநெல்வேலிப் பக்கத்துத் திருச்சபையின் பெண்கள் சங்கத்தார், ஒரு எவர்சில்வர் பானையைச் சுற்றிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பானையின் வயிற்றில் நாபிரியின் முகம் ஒட்டியிருக்கிறது.

கூடவே சங்கத்துச் செயலாளரின் குரலும் வந்திருந்தது. அதைத்தான் புஷ்பம் முதலில் சத்தமாக வைத்துக் கேட்டிருந்தாள்.

"புஷ்பக்கா, ஒங்க கடிதத்த வாசிச்சேன், ஒருத்தி கண்ணும் காயலக்கா. இப்பம்லாம் உல வைக்கும்போது இந்த அம்மாவ நெனச்சுத்தான் ஒரு பிடி அரிசி எடுத்துப் போடுதோம்."

நாபிரிக்குத் தமிழ் தெரியாது. நல்லவேளை.

அந்தக் கடிதத்தை எழுதியது புஷ்பம்தான்.

ஆப்பிரிக்காவில் மலாவிக்கு ஊழியத்துக்கென்று வந்து இரண்டு வருடம். ஓய்வு பெற்ற வாத்தியாரும் வாத்தியாரம்மாவும். பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில். மாதா மாதம் ஊருக்கு ஒரு கடிதம் போகவேண்டும். கடிதத்தில் மனதை உருக்கும் மெய்ச்சம்பவமாக ஒரு சாட்சி இருக்கவேண்டும். வெயிலடிக்கிறது, தையல் வகுப்பு நடக்கிறது என்று எழுதினால் எவர் வாசிப்பார்?

அந்த மாதம் சாட்சி எதுவும் கிடைக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நாபிரி கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். அவர், புஷ்பத்தின் வீட்டுக்காரர், படமெடுக்கப் போனைத் தூக்கினார்.

ஒரு நிமிஷம் பொறுங்கள், சங்கத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றாள் நாபிரி. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை. அவளும் அவள் சபையில் முப்பது வருடமாகப் பெண்கள் சங்கத்தில் இருக்கிறவள்.

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்," என்றார் அவர்.

புஷ்பமும் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள். ஒரு வேளைக் கஞ்சிக்கும் வழியில்லாமல் நம் வாசலில் வந்து நிற்கும் சகோதரி, என்று.

வாசலில் வந்து நின்றது மெய்தான்.

கையில் மாவு நிறைந்த கிண்ணத்தோடு, கொடுக்க வந்து நின்றாள். சனிக்கிழமை தவறாமல் நிற்கிறாள். இரண்டு ஏக்கர் சோளக்காடும் நாலு ஆடும் உள்ளவள் அவள்.

"ஊழியக்காரங்களுக்குக் காணிக்கை, புஷ்பம். மறுக்கக் கூடாது," என்று அவர் சொல்லியிருந்தார். அவளும் மறுக்காமல் வாங்கி, கூழ் காய்ச்சினாள்.

"என் படத்தை எதுக்குப் பானையில ஒட்டியிருக்காங்க?"

தட்டுத் தடுமாறி, அந்த ஊர்ப் பாஷையில் புஷ்பம் சொன்னாள். சமைக்கும்போது ஒரு பிடி தனியாக எடுத்து வைப்பார்கள். அப்போது உனக்காக ஜெபிப்பார்கள்.

அவ்வளவுதான் சொன்னாள். கடிதத்தை விட்டுவிட்டாள்.

நாபிரி கை தட்டினாள். எழுந்து ஓட்டமாகத் தன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது இடுப்பில் ஒரு பழைய பால்மாவு டப்பா.

"நானும் அதேதான் செய்யறேன்! பாரு!"

உள்ளே பாதிக்கு மாவு. ஒவ்வொரு பிடியாக விழுந்த மாவு.

"உங்க ரெண்டு பேருக்குத்தான். வயசான காலத்துல பிள்ளைங்க ஒருத்தரும் பக்கத்துல இல்ல. பாவம், யார் பார்ப்பா?"

புஷ்பத்துக்குக் காதெல்லாம் எரிந்தது. அவமானம். நாபிரி சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யாக இருந்திருக்கக் கூடாதா!

"என் டப்பாவிலயும் உங்க படத்தை ஒட்டணும். போ, நல்ல சேலை கட்டிட்டு வா. அவசரமில்ல, நான் காத்திருக்கேன்."

புஷ்பம் உள்ளே போனாள். அவர் எல்லாம் கேட்டிருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மெரூன் பட்டக் கட்டு, புஷ்பம்."

"நான் எழுதினத அவகிட்டச் சொல்லிருதேன்."

அவர் சீப்பை எடுத்துத் தலைவாரினார். "சொல்லிட்டு? நாளைக்கு அவ மொகத்துல எப்படி முழிக்கது?"

இன்றைக்கு மட்டும் எப்படி முழிப்பதாம்?

பெட்டியைத் திறந்தாள். மேலாக மெரூன் பட்டு. தொட்டாள். மூடிவிட்டாள்.

போட்டிருந்த பழைய நைட்டியோடு வெளியே வந்தாள். தோளில் துவாலை. தோள்பட்டையில் ஒரு ஒட்டுத்தையல்.

"இப்படியே இருக்கட்டும்," என்றாள்.

நாபிரி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தன் பாவாடைக்கு மேல் சுற்றியிருந்த பூப்போட்ட புதுத்துணியை அவிழ்த்தாள். புஷ்பத்தின் இடுப்பில் சுற்றி, முடிந்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். துவாலையை எடுத்து வேலியில் போட்டாள். நரைமுடி ஒன்றைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

அவர் வந்து பக்கத்தில் நின்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

நாபிரி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

புஷ்பம் வாயைத் திறந்தாள். "நாபிரி, ஊருக்கு எழுதின கடிதத்தில உன்னப் பத்தி நான்..."

"ஆடாதே," என்றாள் நாபிரி. "படம் நல்லா வரணும்."